பழைய ரோஜாக்களில் ஜாடியில் நாலு நாள் நிற்பவை எவை?

கோத்தகிரி_தோட்டம்

வணக்கம் எல்லோருக்கும். கோத்தகிரிப் பக்கம், சுமார் 1,800 மீட்டர் உயரம். வீட்டைச் சுற்றி மாமியார் காலத்து ரோஜாச் செடிகள் ஒன்பது இருக்கின்றன. யார் யார் பங்களாவிலிருந்தோ குச்சி கேட்டு வாங்கி வந்து அவர் வைத்தவை. எதற்கும் பெயர் தெரியாது, கேட்கலாம் என்றால் இப்போது அவரும் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஆலயத்தில் பீடத்துக்குப் பூ வைக்கிற பொறுப்பு இந்த வருஷம் எனக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் வைத்தால் ஞாயிறு ஆராதனை முடிந்து புதன்கிழமை ஜெபக்கூட்டம் வரைக்கும் நிற்க வேண்டும். இதுவரை ஓசூர் ரோஜா கட்டுதான் வாங்கி வைத்தார்கள். அது பத்து நாள் நிற்கும், அதில் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பக்கத்தில் போய் முகர்ந்தால் வாசமே கிடையாது. மாமியார் பூ வைத்த நாட்களில் ஆலயக் கதவைத் திறந்த உடனே ரோஜா வாசம் வந்து மோதும், அந்த வாசத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் வீட்டு ரோஜாவையே வைப்போம் என்று இறங்கினேன்.

முதல் வாரமே சரியாகப் போகவில்லை. நன்றாக விரிந்த பூவாகப் பார்த்து இருபது வெட்டி வைத்தேன். மறுநாள் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது முதல் இதழ் விழுந்தது. அப்புறம் ஒரு பூ மொத்தமாக, தொட்டது மாதிரி, வெள்ளைத் துணிமேல் கொட்டியது. மத்தியானம் போய்ப் பார்த்தால் ஜாடியில் மஞ்சள் மகரந்தத்தோடு வெறும் காம்புகள் நிற்கின்றன, துணி முழுக்க இதழ். அடுத்த வாரம் உஷாராகி, இறுக்கமான மொட்டாக வெட்டினேன். அவை விரியவே இல்லை! செவ்வாய்க்கிழமை கழுத்து வளைந்து தலை தொங்கிவிட்டது.

இருக்கிற செடிகளில் முக்கியமானவை மூன்று. ஒன்று வெளிர் இளஞ்சிவப்பு, தட்டு மாதிரி விரியும், உள்ளே இதழ்கள் நாலு பாகமாகப் பிரிந்து அடுக்கு அடுக்காக இருக்கும், மழை பெய்தால் மொட்டிலேயே பழுப்பாகி அழுகிவிடும். இன்னொன்று பாதாம் அல்வா நிறம், மொட்டு நீளமாக அழகாக இருக்கும், ஆனால் பூ எப்போதும் தரையைப் பார்க்கும், துளிர் கருஞ்சிவப்பாக வரும். மூன்றாவது நம்ம பன்னீர் ரோஜா. மற்றவை இவற்றின் பிள்ளைகள் என்று நினைக்கிறேன்.

பின்பக்கம் பன்னிரண்டு செடிக்கு இடம் இருக்கிறது. பழைய வகைகளில், வாசமும் இருந்து, ஜாடியிலும் நாலு நாள் நிற்கிற மாதிரி எதை வைக்கலாம்? வெட்டுவதில் நான் என்ன தவறு செய்கிறேன்? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், படிக்கிறேன்.

---

கொடை_ரோஜாக்காரர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொடைக்கானலில் 26 வருஷமாகப் பழைய ரோஜாக்கள் வளர்க்கிறேன், வாரா வாரம் வீட்டு ஜாடிக்கும் வெட்டுகிறேன்.

முதலில் உங்கள் செடிகள். அந்தப் பாதாம் அல்வா நிறம், நேரில் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கருஞ்சிவப்புத் துளிரும் தலை கவிழ்ந்த பூவும் சேர்ந்தால் 90 சதவீதம் லேடி ஹில்லிங்டன்தான். 1910இல் வந்த டீ ரோஸ், அதாவது சீனாவிலிருந்து வந்த ரோஜாக்களின் வழியில் பிறந்த ஒரு பழைய குடும்பம். வெளிர் இளஞ்சிவப்பு, நாலு பாகம், மழையில் அழுகுவது என்றால் சூவனிர் த லா மல்மெசான் ஆக இருக்கலாம், 1843இல் பிரான்சின் லியோனில் பிறந்தது. இதழ்கள் மெல்லியவை, எண்ணிக்கை மிக அதிகம், ஈரம் பட்டால் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு பூ திறக்கவே முடியாது. வெயில் காலத்தில் அதைப்போல அழகான பூ இல்லை. ஆனால் ஜாடிக்கு என்று அதை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பழைய ரோஜா ஜாடியில் நிற்காது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பழைய ரோஜா என்றால் 1867இல் லா பிரான்ஸ் என்ற முதல் ஹைப்ரிட் டீ (இன்றைய கடை ரோஜாக்களின் குடும்பம்) வருவதற்கு முன்பே இருந்த குடும்பங்கள், அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்தவையும் சேர்த்து. இதில் கல்லிகா, ஆல்பா, சென்டிஃபோலியா என்று ஐரோப்பியக் குடும்பங்கள் உண்டு, வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும், நல்ல குளிர் கேட்கும். நம் மலைக் குளிர் அவற்றுக்குப் போதாது. நான் நாலு வருஷம் காத்திருந்து ஏழு பூ பார்த்தேன். அதற்கு உங்கள் இடத்தைக் கொடுக்க வேண்டாம்.

நமக்கு வேண்டியது டீ ரோஸும் ஹைப்ரிட் பெர்பெச்சுவலும் (மறுபடியும் பூக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலப்பு ரோஜாக்கள்). யோசித்துப் பாருங்கள், 1867க்கு முன்னாலும் பாரிஸிலும் லண்டனிலும் பூக்கடை இருந்தது, கல்யாணம் நடந்தது, கோட்டில் பூ குத்திக்கொண்டு போனார்கள். அந்தக் கடைக்காரர்கள் எதை விற்றார்கள்? இதே பழைய ரோஜாக்களைத்தான். அதனால் நான் எப்போதும் சொல்வது, அந்தக் காலத்துப் பூ வியாபாரி கண்ணாடி வீட்டில் எதை வளர்த்தானோ அதைத் தேடுங்கள். காசுக்காக வளர்த்தவன் ஒரே நாளில் உதிர்கிறதை வளர்த்திருக்க மாட்டான்.

அப்படிப் பார்த்தால் டீ ரோஸில் முதல் பெயர் கேத்தரின் மெர்மே. 1869, லியோனில் கியோ என்பவர் வெளியிட்டது. அமெரிக்காவில் பூக்கடைக்கென்றே கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள். அதன் கிளையில் தானாக மாறிப் பிறந்தவைதான் ‘தி பிரைட்’ என்ற வெள்ளையும் ‘பிரைட்ஸ்மெய்ட்’ என்ற அடர்ந்த ரோஸும். இதழ் தடிமனாக இருக்கும், விரலால் தொட்டால் தெரியும். சாஃப்ரானோ (1839), பாப்பா கோன்டியே இரண்டும் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் குளிர்காலப் பூவாக வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டவை. இவை மொட்டு அழகு. விரிந்தபின் இதழ் குறைவாகத் தெரியும். மஞ்சளில் மாரெஷால் நீல் (1864) பெரும் புகழ் பெற்றது, வாசமும் அபாரம், ஆனால் கழுத்து பலவீனம், அந்தக் காலத்தில் கம்பி கட்டி நிமிர்த்தி வைத்தார்கள். பீடத்துக்குச் சரிப்படாது. உங்கள் லேடி ஹில்லிங்டனுக்கும் இதே கதைதான். அதை உயரமான இடத்தில், ஜாடி விளிம்பில் தொங்குகிற மாதிரி வையுங்கள், கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும்.

ஹைப்ரிட் பெர்பெச்சுவலில்தான் காம்பு நேராக, நீளமாக வரும். என் முதல் தேர்வு மிஸஸ் ஜான் லேயிங், 1887, இங்கிலாந்தில் ஹென்றி பென்னட் உண்டாக்கியது. வெள்ளி கலந்த இளஞ்சிவப்பு, நல்ல வாசம், மழையையும் ஓரளவு தாங்கும். எனக்கு ஜாடியில் ஐந்து நாள் நிற்கிறது. உல்ரிக் ப்ரூனர் (1881) முள் குறைவு, செர்ரி நிறம், காம்பு நன்றாக நீளும். பால் நெய்ரோன் (1869) ஒரு பூவே சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும், மூன்று பூ வைத்தால் ஜாடி நிறைந்துவிடும். வெள்ளைக்கு ஃப்ராவ் கார்ல் ட்ருஷ்கி, 1901, ஜெர்மனியில் லாம்பெர்ட் என்பவர் தந்தது. இதில் வாசம் இல்லை, அதை மறைக்கவில்லை, ஆனால் நிற்கிற விஷயத்தில் இவற்றில் இதுதான் ராஜா, ஆறு நாள் பார்த்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வெள்ளை வேண்டும் அல்லவா, இதை நாலு செடியாவது வையுங்கள். சிவப்பு வேண்டும் என்றால் ஜெனரல் ஜாக்மினோ (1853), இதுவும் கடைக்காக ஏராளமாக வளர்க்கப்பட்டது, வாசம் கண்ணை மூட வைக்கும், மூன்று நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விட வேண்டியவை: ரேன் தே வியோலெட். அந்த ஊதா நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டு நானும் வைத்தேன். வெட்டிய மறுநாளே உதிரும். செடியில் பார்த்து ரசிக்கலாம்.

வெட்டுகிற பக்குவம் இதைவிட முக்கியம். கடை ரோஜாவை மொட்டாக வெட்டுகிறார்களே என்று நாமும் அப்படி வெட்டக்கூடாது, அந்த ரோஜாக்கள் அப்படி வெட்டினாலும் விரிவதற்கென்றே தேர்ந்தெடுத்து உண்டாக்கப்பட்டவை. எண்பது நூறு இதழ் உள்ள பழைய ரோஜாவை இறுக்கமாக வெட்டினால் உள்ளே இருக்கிற இதழ்களைத் திறக்க அதற்குச் சக்தி இருக்காது. மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லிதழ்கள் முழுதாகக் கீழே மடங்கி, வெளி இதழ்கள் இரண்டு சுற்று தளர்ந்து, நடுவில் மட்டும் இன்னும் முடிச்சுப் போட்ட மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். அதுதான் நேரம். ஒரு விரலால் பூவின் தோளை லேசாக அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள், பஞ்சு மாதிரி இருந்தால் இன்றே வெட்டுங்கள், மகரந்தம் தெரிந்துவிட்டால் அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். டீ ரோஸுக்கு மட்டும் இதைவிட ஒரு படி முன்னால் வெட்டலாம், இதழ் குறைவு, விரைவாகத் திறந்துவிடும்.

சாயங்காலம் வெட்டுங்கள். பகலெல்லாம் இலை சமைத்த சர்க்கரை அப்போது காம்பில் நிறைய இருக்கும்.

இன்னொன்று. டீ ரோஸைக் கடுமையாகக் கவாத்து செய்யாதீர்கள், அதற்குப் பிடிக்காது. காய்ந்த கிளை, மெலிந்த கிளை மட்டும் போதும். இந்தக் குடும்பத்தில் மணிப்பூர், பர்மா மலைகளின் ரோசா ஜைஜான்டியா என்ற காட்டு ரோஜாவின் ரத்தம் ஓடுகிறது, அதனால்தான் நம் மிதமான மலைகளில் இவ்வளவு சந்தோஷமாக வளர்கிறது. எங்கள் ஊர் எம்.எஸ்.வீரராகவன் அவர்கள் அந்தக் காட்டு ரோஜாவை வைத்தே புதிய வகைகள் உண்டாக்கியவர். வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டு ரோஜா வேண்டும் என்று அவர் விடாமல் உழைத்ததை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

---

பேக்கிங்_ஷெட்_பொண்ணு

அக்கா, நான் ஓசூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் பதினொரு வருஷம் பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தவள். சார் சொன்ன வகைகள் எனக்குப் பழக்கமில்லை, அதில் தலையிட மாட்டேன். ஆனால் வெட்டின பிறகு பூவுக்கு என்ன நடக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கழுத்து வளைகிறதே, அது பூவின் குற்றம் இல்லை, தண்ணீர் ஏறவில்லை. வெட்டின உடனே காம்புக் குழாயில் காற்று புகுந்துவிடும். அப்புறம் ஜாடித் தண்ணீரில் வளர்கிற பாக்டீரியா அதே குழாயை அடைக்கும். இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் எந்த ரோஜாவும் ஒரு நாள் ஒன்றரை நாள் கூடுதலாக நிற்கும்.

நாங்கள் செய்கிற முறையை வீட்டுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். தோட்டத்துக்கு வாளியோடு போங்கள், வெட்டிய கையோடு தண்ணீரில் வையுங்கள். கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் காற்று ஏறிவிடும். வாளியைச் சாப்பிடுகிற தட்டு கழுவுகிற மாதிரி சோப்புப் போட்டுத் தேய்த்திருக்க வேண்டும். வாளி சுத்தம்தான் பாதி வேலை, எங்கள் சூப்பர்வைசர் தினமும் விரலால் உள்பக்கம் தடவிப் பார்ப்பார், வழுவழு என்று இருந்தால் அத்தனையும் மறுபடி கழுவணும். வீட்டுக்கு வந்ததும் காம்பின் நுனியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இன்னொரு இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். கத்தரி கூர்மையாக இருக்கட்டும், நசுக்கினால் குழாய் மூடிவிடும். சிலர் சுத்தியலால் காம்பைத் தட்டுவார்கள், அது பழைய பழக்கம், தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீருக்குள் முழுகுகிற இலையை எடுத்துவிடுங்கள். முள்ளை மட்டும் தோல் உரிகிற மாதிரி இழுத்து எடுக்க வேண்டாம், காயம் பட்ட இடத்தில்தான் அழுகல் ஆரம்பிக்கும்.

அப்புறம் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில், பூவின் கழுத்து வரைக்கும் ஆழமாக நிறுத்தி, இருட்டான குளிர்ந்த அறையில் ராத்திரி முழுக்க விடுங்கள். கோத்தகிரியில் உங்களுக்குக் குளிர் அறையே தேவையில்லை, சமையலறைக்குப் பின்னால் எங்கேயாவது வைத்தால் போதும். நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் வெட்டி அப்படியே பீடத்தில் வைக்கிறீர்கள், பூவுக்குத் தண்ணீர் குடிக்க நேரமே கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெட்டுங்கள் அக்கா. ஒரு ராத்திரி தண்ணீர் குடித்த பூவும் குடிக்காத பூவும் ஒரே ஜாடியில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் தெரியும்.

ஜாடித் தண்ணீருக்கு, ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, துணி வெளுக்கிற ப்ளீச் திரவம் சில சொட்டு. சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, எலுமிச்சை தண்ணீரைச் சீக்கிரம் ஏற வைக்கும், ப்ளீச் பாக்டீரியாவை அடக்கும். ஆனால் கவனம், ப்ளீச்சையும் எலுமிச்சையையும் தண்ணீர் இல்லாமல் நேராகக் கலந்துவிடாதீர்கள், ஆபத்தான வாயு வரும். முதலில் தண்ணீர் முழுக்க ஊற்றி, அதில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ப்ளீச் இல்லாமல் வெறும் சர்க்கரை மட்டும் போட்டால் போடாமல் இருப்பதே மேல், பாக்டீரியாவுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

வாழைப்பழம், மாம்பழம் இருக்கிற அறையில் பூ வாளியை வைக்காதீர்கள். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலின் என்ற வாயு வரும், அதுதான் இதழை உதிரச் சொல்கிற கட்டளை. ஆலயத்தில் அறுவடைத் திருநாளுக்குப் பழத்தட்டும் பூஜாடியும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்களே, அந்த வாரம் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சாயங்காலமா காலையா என்பதில் நான் சாரோடு ஒத்துப்போக மாட்டேன். காலையில் ஆறு மணிக்கு வெட்டினால் காம்பு முழுக்கத் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். எங்கள் அனுபவத்தில் காலைப் பூதான் நன்றாகத் தாங்கும். மத்தியானம் மட்டும் யாரும் வெட்டவே கூடாது.

---

காவேரிக்கரை

நான் திருச்சியில் இருக்கிறேன். இந்த மலை ரோஜாக்கள் எல்லாம் இங்கே கனவுதான், மொட்டை மாடியில் பன்னீர் ரோஜா மட்டும் பத்துத் தொட்டி வைத்திருக்கிறேன். அதை ஜாடியில் நிறுத்த ஏதாவது வழி உண்டா? காலையில் வெட்டினால் சாயங்காலம் உதிர்ந்துவிடுகிறது.

---

கொடை_ரோஜாக்காரர்

தம்பி, அதை ஜாடிக்கு வெட்டாதீர்கள். பன்னீர் ரோஜா என்றும் எட்வர்ட் ரோஸ் என்றும் நாம் சொல்வது ரீயூனியன் தீவில் பிறந்த ரோஸ் எடுவார் வழி வந்தது என்பார்கள். அந்தத் தீவில் வேலிக்கு வைத்த டமாஸ்க் ரோஜாவும் சைனா ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை. நம் மக்கள் கப்பலேறிப் போய்க் கரும்புத் தோட்டத்தில் உழைத்த அதே தீவு. அந்தத் தீவின் பழைய பெயர் பூர்போன், அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கே பூர்போன் ரோஜா என்று பெயர் வந்தது. கோத்தகிரி அம்மா வீட்டு மல்மெசானும் அதே குடும்பம், இரண்டும் சொந்தக்காரர்கள்.

அது உதிரிப்பூ. மாலைக்கும் குல்கந்துக்கும் ஆனது. விடியற்காலையில் காம்பில்லாமல் பறித்து, உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள், வாசலில் நாள் முழுக்க இருக்கும். நிற்க வைக்கத்தான் முடியாது, மிதக்க வைக்க முடியும். சமவெளியில் ஜாடிக்கு ஏதாவது வேண்டுமென்றால் டீ ரோஸ் ஒன்றிரண்டு முயன்று பாருங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல பூ கொடுக்கும், கோடையில் பூ சிறுத்துவிடும்.

காலை, சாயங்காலம் பற்றித் தங்கச்சி சொன்னதை மறுக்கவில்லை. பண்ணையில் குளிர் அறை இருக்கிறது, காலையில் வெட்டி உடனே உள்ளே போய்விடும். எனக்கு அது இல்லை. சாயங்காலம் வெட்டினால் ராத்திரிக் குளிரே என் குளிர் அறை.

---

நீலகிரி_ஆசிரியை

இடையில் ஒரு வார்த்தை. யாரும் பச்சை ரோஜாவைச் சொல்லவில்லையே! விரிடிஃப்ளோரா. ஊட்டி ரோஜாப் பூங்காவில் பார்த்திருப்பீர்கள் (1995இல் மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுக்காகத் தொடங்கிய பூங்கா). அதில் இதழே கிடையாது, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் புல்லிதழ்தான். உதிர்வதற்கு இதழ் இல்லாததால் பத்து நாளானாலும் ஜாடியில் அப்படியே இருக்கும், கடைசியில் செம்பு நிறம் ஏறும். வாசமென்று பார்த்தால் மிளகு மாதிரி லேசாக ஏதோ இருக்கும். தனியாக வைத்தால் பலருக்குப் பிடிக்காது, ஆனால் வெள்ளை ரோஜாவுக்கு நடுவில் இலைக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். என் அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு அப்படித்தான் வைத்தேன், என்ன பூ என்ன பூ என்று எல்லோரும் வந்து கேட்டார்கள்.

அப்புறம், பூ குத்தி வைப்பதற்கு நனைத்து வைக்கிறார்களே, அந்தப் பச்சை ஸ்பாஞ்ச். பழைய ரோஜாவின் காம்பு மெல்லியது, ஸ்பாஞ்சில் குத்தினால் மடங்கும், தண்ணீரும் சரியாக ஏறாது. பீடத்தில் ஸ்பாஞ்ச்தான் வைக்க வேண்டும் என்றால் அதைக் கையால் அமுக்கி நனைக்காமல், வாளித் தண்ணீர்மேல் வைத்துத் தானாக மூழ்க விடுங்கள். அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும். முடிந்தால் வெறும் தண்ணீர்தான்.

---

கோத்தகிரி_தோட்டம்

ஐந்து வாரமாக எழுதவில்லை, மன்னியுங்கள். சும்மா இருக்கவில்லை, நீங்கள் எல்லோரும் சொன்னதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதியும் வைத்தேன்.

பன்னீர் ரோஜாவை விட்டுவிட்டேன். மல்மெசானில் மூன்று பக்குவம் பார்த்தேன்: புல்லிதழ் இன்னும் நிமிர்ந்த மொட்டு, புல்லிதழ் மடங்கி இரண்டு சுற்று தளர்ந்தது, நன்றாக விரிந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து. எல்லாம் ஒரே செடி, ஒரே சாயங்காலம், ஒரே வாளி, ஒரு ராத்திரி இருட்டு அறையில். இறுக்கமான ஐந்தில் ஒன்றுதான் விரிந்தது, அதுவும் பாதி. விரிந்த ஐந்தும் இரண்டாம் நாள் கொட்டிவிட்டன. நடுப்பக்குவத்தில் வெட்டியவை மூன்று நாள் முழுதாக நின்றன, நாலாம் நாள் காலையில் நான் ஜாடியை நகர்த்தியபோதுதான் உதிர்ந்தன. அதே செடி, நான் ஒரே நாள் நிற்கும் என்று எழுதித் தள்ளிய செடி. மாமியார் இருந்திருந்தால் இதை முதல் நாளே காட்டிக்கொடுத்திருப்பார். அவர் பூ வெட்டும்போது ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், நான் அதை ஏதோ ஆசையில் தடவுகிறார் என்று நினைத்திருந்தேன். சார் தோளை அழுத்திப் பாருங்கள் என்று எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்தது. அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தச் செடி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

காலையா சாயங்காலமா என்பதையும் பார்த்தேன். லேடி ஹில்லிங்டனில் (சார், அதுவாகத்தான் இருக்கும், படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்) காலை ஆறு மணிப் பூவும் சாயங்காலம் ஆறு மணிப் பூவும் எனக்கு ஒரே மாதிரிதான் நின்றன, மூன்றரை நாள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்ததா இல்லையா என்பதுதான் பெரிய வித்தியாசம். தங்கச்சி, நீ சொன்னது அப்படியே நடந்தது. குடிக்காமல் நேரே பீடத்துக்குப் போனவை ஞாயிறு மத்தியானமே தலை கவிழ்ந்தன. ஒன்றை மட்டும் எடுத்து வந்து நுனியைத் தண்ணீருக்குள் வெட்டி, செய்தித்தாளில் சுருட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்து வரை நிறுத்தினேன், ராத்திரி நிமிர்ந்துவிட்டது!

சர்க்கரைத் தண்ணீர் வைத்த ஜாடியில் நிறம் நன்றாக இருந்தது. ப்ளீச் ஒரு வாரம் மறந்துபோனேன், மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கி நாறியது, பூவும் போச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி. நீளமான காம்பாக வெட்டினால்தான் பீடத்தில் எடுப்பாக இருக்கிறது, ஆனால் நாலு வாரம் அப்படி வெட்டியதில் செடி மொட்டையாகத் தெரிகிறது. என்ன செய்வது? செடிகள் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள், இங்கே நர்சரியில் கேட்டால் புது ரோஜாவைத்தான் காட்டுகிறார்கள்.

---

கொடை_ரோஜாக்காரர்

அம்மா, நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்த மாதிரி ஒரே செடியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

காம்பு விஷயம்: நீங்கள் வெட்டுவது பூ மட்டுமில்லை, செடியின் சாப்பாட்டு இலையும் கூடவே போகிறது. எந்தக் கிளையில் வெட்டினாலும் ஐந்து சிற்றிலை உள்ள இலைகள் குறைந்தபட்சம் இரண்டு அந்தக் கிளையில் மிஞ்சும்படி, அதற்கு மேலே வெட்டுங்கள். புதிதாக வைக்கும் செடியில் முதல் இரண்டு வருஷம் குட்டையான காம்பு மட்டும்தான். அதனால்தான் ஒரே வகையில் நாலு செடி வைக்கச் சொன்னேன், ஒரு வாரம் ஒரு செடி என்று மாறி மாறி வெட்டினால் எதுவும் இளைக்காது. பன்னிரண்டு இடத்தில் பன்னிரண்டு வகை என்று ஆசைப்படாதீர்கள். ட்ருஷ்கி நாலு, மிஸஸ் ஜான் லேயிங் நாலு, கேத்தரின் மெர்மே கிடைத்தால் இரண்டு, உல்ரிக் ப்ரூனர் ஒன்று, ஆசிரியை சொன்ன பச்சை ரோஜா ஒன்று. வாசத்துக்கு லேயிங்கும் மல்மெசானும் போதும், நிற்பதற்கு ட்ருஷ்கி.

பால் நெய்ரோனை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், உங்கள் ஐப்பசி மழையில் அவ்வளவு பெரிய பூ தண்ணீர் தாங்காது.

நர்சரியில் தேடாதீர்கள். பழைய பங்களா வேலி, கல்லறைத் தோட்டம், எஸ்டேட் வாசல், அங்கேதான் இவை உயிரோடு இருக்கின்றன. கேட்டுவிட்டு, பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிமனில் இருபது சென்டிமீட்டர் குச்சி வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டு ஈரம் காயாமல் பாருங்கள். டீ ரோஸ் சொந்த வேரிலேயே நன்றாக வளரும்.

ட்ருஷ்கியும் லேயிங்கும் என்னிடம் இருக்கின்றன. இந்த மாசக் கடைசியில் கவாத்து செய்கிறேன், அப்போது வெட்டும் குச்சிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பி வைக்கிறேன். பதிலுக்கு எனக்கு அந்த மல்மெசானில் நாலு குச்சி வேண்டும், என் செடி போன பனியில் போய்விட்டது.

---

பேக்கிங்_ஷெட்_பொண்ணு

அக்கா, குச்சி வந்ததும் பிரித்த கையோடு ஒரு மணி நேரம் முழுசாகத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு அப்புறம் நடுங்கள். செய்தித்தாளுக்கு மேலே பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சாரிடமும் சொல்லிவிடுங்கள், உள்ளே சூடாகி வெந்துவிடும். இரண்டு மூன்று ஓட்டை போடச் சொல்லுங்கள்.